நாலாயிரம் ரூபாய் நிழல்: எடுக்கலாமா, வேண்டாமா?

கேள்வி: நாங்கள் வேலூர். மே மாதம் இரண்டாவது சனி, ஞாயிறு மாமல்லபுரம் பக்கம் ஒரு கடற்கரை ரிசார்ட்டில் மூன்று அறை போட்டிருக்கிறோம். மாமியாருக்கு 72 வயது, மூட்டுவலி. என் குழந்தைக்கு ஐந்து மாதம். நாத்தனாரின் இரண்டு பையன்களையும் சேர்த்து மொத்தம் ஒன்பது பேர். சனிக்கிழமை காலை பத்து மணிக்கே போய்விடுவோம், ஆனால் அறை இரண்டு மணிக்குத்தான் தருவார்களாம். ஞாயிறு பதினொன்றுக்குக் காலி செய்ய வேண்டும். மணலில் கபானா (கூரையும் திரையும் போட்ட சின்னக் குடில்) ஒன்று நாளுக்கு 4,000 ரூபாய் என்கிறார்கள். சும்மா கிடைக்கிற குடைகளும் உண்டு, ஆனால் அதற்கு முன்பதிவு இல்லை. 'உட்கார்ற இடத்துக்கு நாலாயிரமா?' என்கிறார் கணவர். 'அம்மாவை வெயில்ல உட்கார வைக்கப் போறீங்களா?' என்று நாத்தனார் கோபிக்கிறார். நடுவில் நான். என்ன செய்வது?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: சனிக்கிழமைக்கு எடுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டாம். சனிக்கிழமைக்கும்கூட இரண்டு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எடுங்கள். அந்த நாலாயிரத்தில் ஒரு பகுதியாவது சாப்பாட்டு பில்லில் கழியுமா? உள்ளே உட்கார்ந்தபடியே அலை கண்ணுக்குத் தெரியுமா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால் விட்டுவிடுங்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

முதலில் வெயில் எந்தப் பக்கம் இருந்து வரும் என்று பார்த்துவிடுவோம். கபானா விஷயத்தில் பணம் வீணாவது பெரும்பாலும் இதில்தான். நம் பக்கம் கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் சூரியன் கடலிலிருந்து எழுந்து நேராக முகத்தில் அடிக்கும். கபானாக்களின் வாசலோ கடலைப் பார்த்தே இருக்கும். மே மாதத்தில் காலை ஒன்பது மணிக்குச் சூரியன் அடிவானத்துக்கும் உச்சிக்கும் ஏறக்குறைய நடுவில் நிற்கும். அப்போது ஏழடி உயரக் கூரை இருந்தால் வெயிலும் ஏழடி உள்ளே வரும். அதாவது எட்டடி ஆழக் கபானாவில் பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால்தான் நிழல். பத்து மணிக்கு மேல்தான் அது உண்மையிலேயே நிழல் தரும் இடமாகிறது. பன்னிரண்டு மணிக்கு நிழல் கூரைக்கு நேர் கீழே விழும், ஏனென்றால் ஏப்ரல் கடைசியில்தான் சூரியன் சென்னை வட்டாரத்தில் சரியாக உச்சந்தலைக்கு மேல் போகிறது, மே நடுவிலும் அதிலிருந்து அதிகம் விலகியிருக்காது.

மாலையில் கதையே வேறு. சூரியன் நிலத்துப் பக்கம் போய்விடும். கரையோரத்துச் சவுக்கு, தென்னை, ரிசார்ட் கட்டடம் எல்லாவற்றின் நிழலும் கடலை நோக்கி நீளும். நாற்பதடி மரம் ஒன்று நாலு மணிக்கு அறுபதடி நிழல் தரும், ஐந்து மணிக்கு அது நூறடியைத் தாண்டும். காசு கொடுக்காமல் கிடைக்கிற நிழல் அது. அதனால் மாலை நேரத்துக்காகக் கபானா எடுப்பது இங்கே தேவையில்லாத செலவு. (கோவா, கோவளம் என்று மேற்குக் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். அங்கே மாலைக்குத்தான் நிழல் வேண்டும். கேரளத்துக் கோவளத்தைச் சொல்கிறேன், நம் கோவளத்தை அல்ல.)

இப்போது உங்கள் இரண்டு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பதினொரு மணி வரை அறை கையில் இருக்கிறது. ஆறு மணிக்கே மாமியாரைக் கரைக்கு அழைத்துப் போய், எட்டு, எட்டரைக்குத் திரும்பிவிடலாம். அப்போது நிழலே வேண்டாம். சனிக்கிழமைதான் சிக்கல். பத்திலிருந்து இரண்டு வரை அறை இல்லை, வெயில் உச்சம். மே 4 முதல் 28 வரை கத்திரி, நீங்கள் போவது அதன் நடுவில். அந்த நாலு மணி நேரத்துக்குக் கபானாதான் உங்கள் வீடு. பைகளை வைக்க, குழந்தைக்குப் பால் கொடுக்க, பையன்களின் ஈரத்துணியை மாற்ற, மாமியார் காலை நீட்ட என்று எல்லாவற்றுக்கும் அதுதான். திரை உண்மையிலேயே உதவுவது இந்த மாதிரி நேரத்தில்தான்.

ஆனால் ஒன்று. பன்னிரண்டு மணிக்கு மேல் குழந்தையையும் மாமியாரையும் அங்கே வைத்திருக்காதீர்கள். நிழலில் இருந்தாலும் மணலிலிருந்து வெயில் திரும்பி அடிக்கும். காய்ந்த கடற்கரை மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், அலை நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே பன்னிரண்டுக்கு ஏசி உணவகத்துக்குப் போய் மெதுவாகச் சாப்பிடுங்கள், அங்கிருந்து நேராக அறைக்குப் போய்விடலாம். கைக்குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை சன்ஸ்கிரீனை நம்பாமல் நிழலையும் மெல்லிய பருத்தித் துணியையும் நம்புவதே நல்லது என்பதுதான் குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. தள்ளுவண்டியைத் துணியால் முழுசாக மூடிவிடாதீர்கள், உள்ளே காற்றில்லாமல் சூடு ஏறிவிடும்.

அப்படியென்றால் பத்து முதல் பன்னிரண்டு வரை, இரண்டே மணி நேரத்துக்கா நாலாயிரம் என்று உங்கள் கணவர் கேட்பார். நியாயமான கேள்விதான். அதனால் பணம் கட்டும் முன் ரிசார்ட்டுக்கு ஒரு போன் போட்டு, 'ஒரே ஒரு அறையைப் பத்து, பதினொரு மணிக்குக் கொடுத்தால் கூடுதலாக எவ்வளவு?' என்று கேளுங்கள். மூன்று அறை போட்டவர்களுக்கு ஒன்றை முன்னதாகத் தருவது அவர்களுக்கு அவ்வளவு பெரிய காரியம் இல்லை. முந்தைய இரவு அந்த அறை காலியாக இருந்தால் சும்மாவே தருகிற இடங்களும் உண்டு. ஆயிரமோ ஆயிரத்தைந்நூறோ சொன்னால் நான் கபானாவை விட்டுவிட்டு அதைத்தான் எடுப்பேன். அறை கிடைக்காவிட்டால் அரை நாள் கபானா கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் சாப்பாட்டு பில்லில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒன்பது பேரின் மதியச் சாப்பாடு எப்படியும் நாலாயிரத்தை நெருங்கும்.

சும்மா கிடைக்கிற குடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பையன்களோடு நிற்கிற உங்களுக்கும் கணவருக்கும் அது தாராளமாகப் போதும். காலையில் நாற்காலியைக் குடைக்கு நேர் கீழே போடாமல் நிலத்துப் பக்கம் ஆறேழு அடி தள்ளிப் போடுங்கள், நிழல் அங்கேதான் விழும். நேரம் ஆக ஆக அது நகரும், அரை மணிக்கு ஒருமுறை நாற்காலியையும் நகர்த்த வேண்டும். மூட்டுவலிக்காரருக்கு இதுதான் கஷ்டம். மாமியாருக்குக் குடை போதாது என்று நாத்தனார் சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. பகல் திரும்பினால் கடற்காற்று வேறு பலமாக எழும்பும், சரியாகப் புதைக்காத குடை பறந்துவிடும். கம்பை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ரிசார்ட் ஊழியரைக் கூப்பிட்டு ஆழமாகப் புதைக்கச் சொல்லுங்கள்.

அலை தெரிகிறதா என்று நான் இவ்வளவு அழுத்திக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் என் அம்மாவை இதே கரையில் ஒரு ரிசார்ட்டுக்கு அழைத்துப் போனேன். 'கடல் பார்த்த கபானா' என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். போய்ப் பார்த்தால் முன்னால் ஒரு மணல்மேடு. எழுந்து நின்றால் கடல் தெரியும், உட்கார்ந்தால் மணலும் வானமும்தான். அம்மாவால் நிற்க முடியாது. மூன்று மணி நேரம் அலைச்சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேரப்பிள்ளைகள் தண்ணீரில் கூச்சல் போடுவது காதில் விழுந்தது, கண்ணில் படவில்லை. வீட்டுக்கு வந்து 'நல்லாத்தான் இருந்துச்சு' என்றார். அந்தச் சொல் எனக்கு இன்னும் உறுத்துகிறது. வெயில் படாமல் இருக்க மட்டும் என்றால் அவர் வீட்டிலேயே இருந்திருக்கலாமே. அவர் வந்தது பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்க.

ஆகவே ரிசார்ட்காரர்களிடம் விளம்பரப் படம் கேட்காதீர்கள். காலை பத்து மணி வாக்கில், கபானாவுக்குள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி கடலைப் பார்த்து அரை நிமிட வீடியோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நிழல் எவ்வளவு, அலை தெரிகிறதா, தண்ணீர் எவ்வளவு தூரம், எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். கூரை எதனால் ஆனது என்றும் பாருங்கள். தென்னங்கீற்று என்றால் நல்லது, சூட்டைக் கீழே விடாது. மெல்லிய வெள்ளைத் துணி பார்க்க அழகு, ஆனால் பாதி வெயில் உள்ளே வரும். கையை நீட்டி அதன் நிழல் தரையில் தெளிவாக விழுகிறதா என்று பார்த்தால் போதும். விழுந்தால் அந்தத் துணி உங்களுக்கு உதவாது.

அப்புறம் நாற்காலி. இதை யாரும் யோசிப்பதில்லை. கபானாவில் போட்டிருப்பது தாழ்வான மெத்தையோ சாய்வுப் படுக்கையோதான். மூட்டுவலி உள்ளவர் அதில் உட்கார்ந்துவிட்டால் இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டே பல பெரியவர்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள், கழிவறைக்குப் போக எழுந்திருக்க வேண்டுமே என்று. கத்திரி வெயிலில் அது ஆபத்து. உணவகத்தில் போடுகிற, கைப்பிடி வைத்த உயரமான நாற்காலி ஒன்றை உள்ளே போடச் சொல்லுங்கள், செலவில்லாமல் செய்து தருவார்கள். கழிவறை எவ்வளவு தூரம், அங்கே போகும் வழி மணலா தளம் போட்டதா என்பதையும் கேளுங்கள். பத்து மணிக்கு மேல் மணல் காலைச் சுடும். சக்கர நாற்காலி மணலில் புதையும், அதை நம்ப வேண்டாம். கழிவறை தொலைவில் என்றால், முதல் வரிசைக் கபானாவைவிடக் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டாவது வரிசை உங்களுக்கு நல்லது. அலை தெரிந்தால் போதும்.

பில்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எத்தனை மணி முதல் எத்தனை வரை, எத்தனை பேர், வரி சேர்த்தா சேர்க்காமலா, மழை வந்தால் பணம் திரும்புமா, குழந்தை உணவும் வெந்நீரும் கொண்டுவரலாமா என்று எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உணவு பில்லில் சேவைக் கட்டணம் தானாகச் சேர்ந்திருந்தால் எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல் அது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தகராறு என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. இன்னொன்றும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அலை வந்து போகிற மணல் எந்த ரிசார்ட்டுக்கும் சொந்தம் இல்லை. அங்கே உங்கள் சொந்தப் பாயை விரித்து உட்கார யாரும் காசு கேட்க முடியாது.

பையன்கள் விஷயம்தான் எனக்குக் கவலை. கபானா எடுத்தால் 'பாட்டி பார்த்துக்கொள்வார்' என்று பெரியவர்கள் அசந்துவிடுவார்கள். மாமியார் பார்ப்பார், ஆனால் ஓட முடியாது. அந்தக் கரையில் பல இடங்களில் நாலு அடி வைத்தால் ஆழம், இழுக்கிற நீரோட்டமும் உண்டு. பையன்கள் தண்ணீரில் இருக்கும்வரை நீச்சல் தெரிந்த ஒருவர் கரையில் நின்றபடி, போனைப் பையில் வைத்துவிட்டு, அவர்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் கணவரும் நாத்தனாரின் கணவரும் அரை மணிக்கு ஒருவராக முறை வைத்துக்கொள்ளட்டும். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம். உயிர்காப்பாளர் இல்லாத நேரத்தில் இறங்கவே வேண்டாம். அப்போது பையன்களுக்கு நீச்சல் குளம் இருக்கிறது.

கடைசியாக வீட்டுப் பஞ்சாயத்து. கணவரும் நாத்தனாரும் சண்டை போடுவது பணத்துக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மாவை யார் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் இருவர் மனதிலும் ஓடுகிறது. நீங்கள் நடுவராக நிற்க வேண்டாம். ரிசார்ட்டுக்குப் போன் செய்கிற வேலையைக் கணவரிடமும், வீடியோ பார்த்து இடம் தேர்ந்தெடுக்கிற வேலையை நாத்தனாரிடமும் விட்டுவிடுங்கள். செலவு இரண்டு குடும்பத்துக்கும் பாதிப் பாதி. மாமியாரிடம் மட்டும் விலையைச் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால் 'எனக்கு எதுக்கு இவ்வளவு செலவு' என்று உணவக வராந்தாவிலேயே உட்கார்ந்துவிடுவார். கேட்டால் அறையோடு சேர்த்துக் கொடுத்தார்கள் என்று சொல்லுங்கள், பரவாயில்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவரை எழுப்ப மறக்காதீர்கள். அந்த நேரத்தில் மணல் குளிர்ந்திருக்கும், தாங்கிப் பிடித்தால் ஈரமணல் வரை நடந்து வந்து காலை நனைத்துக்கொள்வார்.