பெட்டிக்குள்ளேயே உதிர்ந்த ஜோர்டன் 3: போலியா?

காரைக்குடி வீட்டில் பெட்டியில் வைத்திருந்த ஏர் ஜோர்டன் 3-இல் (நைக்கியின் கூடைப்பந்து ஷூ) ஒரு காலின் சோல் உதிர்ந்துவிட்டது, போலியா என்று கேட்டிருக்கிறீர்கள். சோல் உதிர்ந்ததை வைத்து அது போலி என்று சொல்ல முடியாது. அசல் ஜோடியும் இப்படித்தான் உதிரும். கூடவே வைத்திருந்த பழைய மாடல் ஜோர்டன் 1 கல்லு மாதிரி இருக்கக் காரணம் வடிவமைப்பு.

பீட்டர் மூர் வரைந்து 1985-இல் வெளிவந்த ஜோர்டன் 1-க்கு அடியில் கிண்ணம் போன்ற ரப்பர் சோல், சுற்றிலும் தையல். 1988-இல் டிங்கர் ஹாட்ஃபீல்ட் ஜோர்டன் 3-இல் குதிகாலின் காற்றுப்பையை வெளியே தெரிய வைத்தார். அதைச் சுற்றியிருப்பது பாலியூரித்தேன் நுரை. காற்றின் ஈரம் அதன் மூலக்கூறுப் பிணைப்பை மெல்ல அறுத்துவிடும். போடாமல் வைத்தாலும் தப்பாது. காரைக்குடியில் வருஷத்துக்கு ஒருமுறை திறக்கும் வீடு, காற்றோட்டமில்லாத உள்ளறை, ஐப்பசி மழை என்றால் கேட்கவே வேண்டாம்.

மற்ற கால் ஷூவையும் பாருங்கள். சோலின் பக்கவாட்டில் நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் மீளாவிட்டால், பிசுபிசுத்தால், பெயின்ட்டில் மயிரிழை வெடிப்பு இருந்தால் அதுவும் போய்விட்டது. போட்டு நடக்காதீர்கள்.

பசை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். ஒட்டினாலும் உதிரும் தூளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். மேல்தோல் நன்றாக இருந்தால் அதே மாடல், அதே அளவில் புதிய ஜோடியின் சோலைக் கழற்றி மாற்றலாம். செலவு கட்டுப்படியாகுமா என்பது உங்கள் கணக்கு.

இன்னொன்று: ஜோர்டன் 1-இன் குதிகாலுக்குள்ளும் இதே நுரை உண்டு, ரப்பர் மறைத்திருக்கிறது. மிதித்தால் குதிகால் அமுங்கி நொறுங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் தள்ளிப்போகும், நிற்காது.