எந்த எழுத்தாளர் நமக்கு ஒத்துவருவார்? வேலூர் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பழைய வட ஆற்காட்டுப் பக்கத்து வாசகர்கள் கேட்ட கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

காட்பாடியிலிருந்து தினமும் சென்னைக்கு ரயிலில் போய்வருகிறேன் சார். பள்ளி நாளில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் சாப்பாடு மறந்து படித்தவன். இப்போது எந்த நாவலை எடுத்தாலும் ஐம்பது பக்கத்தில் நின்றுவிடுகிறது. படிக்கிற பழக்கமே போய்விட்டதா?

போகவில்லை. நீங்கள் பழகிய கதைகளின் அமைப்பு வேறு, இப்போது எடுப்பவற்றின் அமைப்பு வேறு. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்தது. அடுத்த வாரமும் வாசகர் இதழை வாங்க வேண்டும். அதனால் அத்தியாயம் முடியும் இடத்தில் யாராவது கதவைத் தட்டுவார்கள், இல்லை கத்தியை உருவுவார்கள். நேரடியாகப் புத்தகமாக எழுதப்பட்ட நாவலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முதல் நாற்பது ஐம்பது பக்கத்தை ஊருக்கும் ஆட்களுக்கும் நிதானமாகக் கொடுத்துவிட்டுத்தான் கதை நகரும். நீங்கள் நிற்பதும் சரியாக அந்த இடத்தில்தான்.

ஒரு வேலை செய்யுங்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாளையே பக்க அடையாளமாக வையுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு அடுத்த நாள் எடுக்கத் தோன்றவில்லை என்றால், அந்தத் தாளின் பின்பக்கத்தில் பக்க எண்ணும் ஒரே ஒரு வரியும் எழுதுங்கள். "63. மறுபடியும் புது ஆள். இவர் யாருக்கு மாமா?" "41. மூன்று பக்கமாக மழை பெய்கிறது." "28. பேச்சு புரியவில்லை." இந்த அளவு போதும், விமர்சனம் வேண்டாம். ஐந்து புத்தகம் இப்படி நின்றதும் ஐந்து தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே காரணம் மூன்று தடவையாவது வந்திருக்கும்.

ஆட்கள் குழம்புகிறார்கள் என்றால், பின் அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் குடும்ப மரம் போடுங்கள். புது ஆள் வரும்போதெல்லாம் பெயர், உறவு, பக்க எண். முதல் எழுபது பக்கத்துக்கு மட்டும் இது தேவைப்படும். வர்ணனையில் நிற்கிறது என்றால் தடிமனான நாவலைத் தள்ளிவைத்துவிட்டுச் சின்னதை எடுங்கள். அசோகமித்திரனின் 'தண்ணீர்' அப்படி ஒன்று. சென்னையில் குழாயில் தண்ணீர் வராத ஒரு தெருவும், அங்கே குடத்தோடு அலையும் பெண்களும்தான் கதை. வர்ணனை என்று தனியாக ஒரு பத்திகூட உங்களை நிறுத்தாது. கோடையில் வேலூரில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அந்த நாவலை விளக்கவே தேவையில்லை.

ஐந்து தாளிலும் "தூக்கம்" என்று இருந்தால் குறை புத்தகத்தில் இல்லை, நேரத்தில்தான். காலை ரயிலுக்குப் புது எழுத்தாளர், மாலை ரயிலுக்கு ஏற்கெனவே பழகிய எழுத்தாளர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். களைத்த மூளைக்குப் புது நடை ஏறாது.

எனக்கு என்ன பிடிக்கும்னே தெரியலைங்க. கடையில போய் நின்னா தலை சுத்துது. யாராவது கேட்டா குடும்பக் கதை பிடிக்கும்னு சொல்லி வைக்கிறேன். (ஆற்காடு)

"குடும்பக் கதை", "கிராமத்துக் கதை", "சரித்திரக் கதை" எல்லாம் கடைக்காரர் அடுக்குவதற்கான பெயர்கள். அதில் ருசி தெரியாது. கிராமத்துக் கதை பிடிக்கும் என்று சொல்கிற இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குப் பிடித்தது திண்ணைப் பேச்சு. இன்னொருவருக்குப் பிடித்தது நிலமும் கிணறும் மாடும். முதல் ஆளுக்கு நகரத்துக் கதையானாலும் பேச்சு நன்றாக இருந்தால் ஓடும். இரண்டாவது ஆளுக்குப் பேச்சே இல்லாத பயண நூல்கூட ஓடும். இரண்டு பேரும் "கிராமத்துக் கதை கொடுங்கள்" என்று கேட்டு ஒரே புத்தகத்தை வாங்கினால் ஒருவர் ஏமாறுவார்.

அதனால் விஷயத்தை விடுங்கள். இதுவரை மனதில் நிற்கிற மூன்று காட்சிகளை எழுதுங்கள். புத்தகம்தான் என்றில்லை, சினிமாவாகவும் பாட்டி சொன்ன கதையாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றிலும் நினைவில் நிற்பது பேச்சா, இடமா, அடுத்து என்ன ஆகும் என்ற பதற்றமா, ஒருவர் மனதுக்குள் ஓடுவதா என்று பாருங்கள். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அதுதான் உங்கள் வாசல்.

கடையிலோ நூலகத்திலோ பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பின்னட்டைப் புகழ்ச்சியைப் படிக்காதீர்கள். முதல் பக்கம் முழுவதும், பிறகு நடுவில் இரண்டு பேர் பேசிக்கொள்ளும் ஒரு பக்கம், இவ்வளவுதான். முதல் பக்கத்தை எல்லா எழுத்தாளரும் பாடுபட்டு எழுதியிருப்பார்கள். நடுப்பக்கப் பேச்சில்தான் கை தெரியும். யார் பேசுகிறார் என்று பெயர் போடாமலே ஆள் தெரிகிறதா? தெரிந்தால் நம்பி வாங்கலாம்.

நம்ம ஜில்லாவைப் பற்றி எழுதியவர்கள் யார்? மு.வ.வைத் தவிர யாரையும் தெரியாது. (வாலாஜாபேட்டை)

மு.வ. என்கிற மு. வரதராசனிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவரைத் தவறான இடத்தில் தொடங்கி விட்டுவிடுகிறவர்கள் அதிகம். 1912-இல் பிறந்தவர். அவருடைய சொந்த ஊரான வேலம் உங்கள் ஊருக்குப் பக்கத்து கிராமம்தான். திருப்பத்தூரில் தாலுகா அலுவலக எழுத்தராகவும், பிறகு பள்ளித் தமிழாசிரியராகவும் இருந்தவர். அந்த ஆசிரியர் அவருடைய நாவல்களிலும் இருக்கிறார். பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் அறிவுரை சொல்வார்கள், கடிதம் எழுதுவார்கள், வாழ்க்கையைப் பற்றி விவாதிப்பார்கள். விறுவிறுப்பை எதிர்பார்த்தால் சலிக்கும். இரண்டு நண்பர்களின் வாழ்க்கை எப்படிப் பிரிகிறது என்று பார்க்கிற பொறுமை இருந்தால் 'அகல் விளக்கு' எடுங்கள். 1961-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் அது. பள்ளியில் தொடங்கும் நட்பு. ஒருவனுக்கு அழகும் அறிவும் மிகுதி, இன்னொருவன் சாதாரணமானவன். யார் அணைகிறார், யார் நின்று எரிகிறார் என்பதுதான் நாவல்.

இன்றைய எழுத்தில் பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவனைக் கட்டாயம் படியுங்கள். அவருடைய 'தகப்பன் கொடி' நிலத்தை இழந்த தலித் குடும்பத்தின் கதை. பாலாற்றங்கரையில் தோல் வேலை பார்த்த கைகளை நேரில் அறிந்தவர் எழுதியது என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். நேராக நாவலுக்குப் போகாமல் அவருடைய சிறுகதைகள் இரண்டு மூன்றைப் படித்துவிட்டுப் போனால் நடை பிடிபடும். ராணிப்பேட்டைப் பக்கத்து கிராமங்களை எழுதுகிறவர் கவிப்பித்தன். நம் ஊர்ப் பேச்சு அச்சில் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு இவரைச் சொல்வேன்.

கரிசல், நாஞ்சில் என்று வட்டார வழக்கில் எழுதியதெல்லாம் எனக்குப் புரிவதில்லை ஐயா. பாதி வார்த்தைக்கு அர்த்தம் தேட வேண்டியிருக்கிறது. (குடியாத்தம்)

தேடாதீர்கள். முதல் இருபது பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். வட்டார வழக்கு காதுக்காக எழுதப்பட்டது. கண்ணால் படிக்கும்போது "இது என்ன எழுத்துக்கூட்டல்" என்று நிற்கிற சொல், வாயால் சொன்னதும் நமக்குத் தெரிந்த சொல்லாகிவிடும். வேறு ஊர்க்காரர் ஒருவர் நம் பக்கத்து "இன்னாபா", "வலிச்சிக்கினு", "இட்டுக்கினு போ" இதையெல்லாம் அச்சில் பார்த்தால் அவரும் இப்படித்தான் நிற்பார்.

ஒரு சொல் மூன்று முறை வந்தும் புரியவில்லை என்றால் மட்டும் பொருள் பாருங்கள். அப்படிப்பட்டவை ஒரு நாவலில் பத்துப் பதினைந்துக்கு மேல் இருக்காது. கரிசல் சொற்களுக்கு கி. ராஜநாராயணனே ஒரு சொல்லகராதி தொகுத்திருக்கிறார். பயிர், கருவி, உறவுமுறை மூன்றின் பெயர்களும்தான் பெரும்பாலும் தடுக்கும். அவை பிடிபட்டதும் மற்றவை தானாக வரும்.

இப்போது எழுத வந்திருக்கும் இளம் எழுத்தாளர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? பழையவர்களின் பெயர்தான் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. (வேலூர், கல்லூரி மாணவி)

நல்ல கேள்வி அம்மா. மூன்று வழி சொல்கிறேன்.

சாகித்திய அகாதெமி 2011 முதல் 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு யுவ புரஸ்கார் விருது கொடுக்கிறது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போங்கள். 2012-இல் மலர்வதியின் 'தூப்புக்காரி', 2018-இல் சுனில் கிருஷ்ணனின் 'அம்புப் படுக்கை', 2021-இல் கார்த்திக் பாலசுப்ரமணியனின் 'நட்சத்திரவாசிகள்', 2023-இல் ராம் தங்கத்தின் 'திருக்கார்த்தியல்'. இந்த நான்கிலேயே துப்புரவு வேலை, மென்பொருள் அலுவலகம் என்று உலகம் எவ்வளவு மாறுகிறது பாருங்கள். இரண்டு நாவல், இரண்டு சிறுகதைத் தொகுப்பு. சிறுகதையில் தொடங்குங்கள்.

இரண்டாவது, சிற்றிதழ்களும் இலக்கிய மாத இதழ்களும். புதியவர்களின் கதை புத்தகமாவதற்கு முன்பு பெரும்பாலும் அங்கேதான் வரும். ஓர் இதழில் ஒரு கதை பிடித்தால் பெயரை எழுதிவையுங்கள். அதே பெயரில் இரண்டாவது கதையும் பிடித்தால் தொகுப்பைத் தேடலாம். ஒரே கதையை நம்பித் தொகுப்பு வாங்குவதில்தான் பணம் வீணாகிறது, ஏனென்றால் இதழாசிரியர் பத்துக் கதையில் ஒன்றைத் தேர்ந்திருப்பார். தொகுப்பில் மீதி ஒன்பதும் இருக்கும்.

மூன்றாவது, தொகுப்பைப் படிக்கும் முறை. வரிசையாகப் படிக்க வேண்டாம். முதல் கதை, தலைப்புக் கதை, கடைசிக் கதை. சில தொகுப்புகளில் ஒவ்வொரு கதையின் கீழும் எந்த இதழில், எந்த ஆண்டு வந்தது என்று போட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் மிகப் பழையதையும் மிகப் புதியதையும் அடுத்தடுத்துப் படியுங்கள். எழுத்தாளர் வளர்ந்திருக்கிறாரா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். வளர்கிறவர் என்றால் இப்போதைய கதைகள் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கூடவே போங்கள். அடுத்த புத்தகத்துக்காகக் காத்திருப்பதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கிறது, அது மறைந்த எழுத்தாளர்களிடம் கிடைக்காது.

எங்க வீட்ல உருது பேசுவோம். தமிழ் நல்லா பேசுவேன், ஆனா படிக்கிறது ரொம்ப மெதுவா ஓடும். எதுல ஆரம்பிக்கலாம்? (வாணியம்பாடி)

மெதுவாக ஓடுவதற்குப் பாதிக் காரணம் எழுத்தின் அளவு. கைப்பேசியில் மின்னூலாக எடுத்து எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு திரைக்கு எட்டுப் பத்து வரி மட்டும் தெரியும்படி வையுங்கள். சொற்களைப் புணர்த்தி நீளமாக எழுதுகிறவர்களை முதல் ஆறு மாதம் தவிருங்கள். சின்ன வாக்கியக்காரர்களே நல்லது. நான்கைந்து பக்கக் கதைகள், ஒரே மூச்சில் முடிகிறவை. ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நிமிடம் என்று மாதம் ஒருமுறை குறித்துவாருங்கள். குறைந்துகொண்டே வருவதைக் கண்ணால் பார்த்தால் ஊக்கம் தானாக வரும்.

மொழிபெயர்ப்புப் புத்தகம் என்றாலே பயமாக இருக்கிறது. நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது? (காட்பாடி)

முதலில் பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள், தலைப்புப் பக்கத்தின் பின்பக்கம். மூலமொழியிலிருந்து நேராகவா, ஆங்கிலம் வழியாகவா என்று நல்ல பதிப்பாளர் அங்கே சொல்லியிருப்பார். மலையாளம், தெலுங்கு, கன்னடம் மூன்றும் நேரடியாக வந்ததாக இருப்பதே நல்லது. பக்கத்து மொழிகளை ஆங்கிலம் சுற்றிக் கொண்டுவந்தால் உறவுமுறைச் சொல் முதலில் கெடும். அத்தையும் சித்தியும் பெரியம்மாவும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

பிறகு பேச்சு வரும் ஒரு பக்கம். கோபத்தில் இருக்கிறவர் "என்னால் இது ஏற்றுக்கொள்ளப்பட முடியாதது" என்று பேசினால் புத்தகத்தை வைத்துவிடுங்கள்.

நல்ல மொழிபெயர்ப்பாளர் கிடைத்தால் அவரே உங்களுக்கு வழிகாட்டி. குளச்சல் மு. யூசுப் மலையாளத்திலிருந்து கொண்டுவந்த 'திருடன் மணியன்பிள்ளை' பிடித்தது என்றால், அவர் பெயர் போட்ட மற்ற நூல்களையும் எடுங்கள். அவை வழியாக மூன்று நான்கு மலையாள எழுத்தாளர்கள் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். எழுத்தாளர் பெயரைவிட மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பின்தொடர்வது சில நேரம் வேகமான வழி.

செலவு அதிகமாகிறது. குறைந்த செலவில் புது எழுத்தாளர்களை முயன்றுபார்க்க வழி உண்டா? (ஆம்பூர்)

புதியவர்களை நூலகத்தில் முயன்றுபார்த்து, பிடித்தவர்களை மட்டும் வாங்குங்கள். பழைய எழுத்துக்குப் பைசா செலவில்லை. கல்கி, புதுமைப்பித்தன் போன்ற பலருடைய நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. மதுரைத் திட்டம் என்ற இலவச இணைய நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இரண்டிலும் நிறைய இருக்கிறது.

நாட்டுடைமை நூல்களை அச்சில் வாங்கும்போது மட்டும் கவனம். யார் வேண்டுமானாலும் போடலாம் என்பதால் மலிவுப் பதிப்பு நிறைய. "சுருக்கம்" என்ற சொல் அட்டையில் சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது கட்டு. ஆயிரம் பக்கத்தை வெறும் பசையில் ஒட்டியிருந்தால் நம் ஊர் வெயிலில் இரண்டு கோடை தாங்காது. பசை காய்ந்து முதுகு வெடித்து, நடுப்பக்கங்கள் கொத்தாகக் கையோடு வரும். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து முதுகைப் பாருங்கள். தாள்கள் சின்னச் சின்ன மடிப்பாகத் தெரிந்தால் தைத்த கட்டு. ஒரே மட்டமாக வெட்டியிருந்தால் பசை. தைத்ததற்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம்.

பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விடலாமா? (சோளிங்கர்)

தாராளமாக. காலண்டர் தாளில் பக்க எண்ணையும் ஒரு வரியையும் எழுதி, தாளை உள்ளேயே வைத்து அலமாரியில் வையுங்கள். இரண்டு வருடம் கழித்து எடுக்கும்போது அந்த வரியை முதலில் படியுங்கள். "28. பேச்சு புரியவில்லை" என்று எழுதியிருந்து, இப்போது 28-ஆம் பக்கம் புரிந்தால் விட்ட இடத்திலிருந்து போக வேண்டாம். முதல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.