பாட்டி அடுத்த விமானத்தில் வருவாள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிப்பவள் நான். நாமக்கல் பக்கம் எங்கள் ஊர். மூன்று வருட அலைச்சலுக்குப் பிறகு எங்களுக்குக் கனடாவின் பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் அனுமதி) கிடைத்திருக்கிறது. வரும் மாதம் 18-ஆம் தேதி விமானம். கணவர், நான், எட்டு வயது மகள். ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி.

என் அம்மா எங்களோடுதான் இருக்கிறார். அவர் வரவில்லை. மகள் பிறந்ததிலிருந்து பாட்டி பக்கத்தில் படுத்தால்தான் தூங்குவாள். அதனால் அவளிடம் ‘லீவுக்குப் போகிறோம், பாட்டி அடுத்த விமானத்தில் வருவாள்’ என்று சொல்லி வைத்திருக்கிறோம். உண்மையைச் சொன்னால் அழுது காய்ச்சலில் விழுந்துவிடுவாளோ என்று பயம். அம்மாவும் அப்படியே சொல்லுங்கள் என்கிறார். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. சொந்த வீட்டிலிருந்து எதையோ திருடிக்கொண்டு ஓடுவது போல இருக்கிறது. எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது என்றும் தெரியவில்லை. நீங்களெல்லாம் எப்படிக் கிளம்பி வந்தீர்கள்?

பெயர் வேண்டாம்,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. அதிலிருந்த ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. அதே வரியை எனக்கும் சொன்னார்கள். விமானம் என்ற இடத்தில் கப்பல் இருந்தது, அவ்வளவுதான். 1974-ல், எனக்கு ஒன்பது வயது.

பெட்டியில் எதை வைப்பது என்பதை அப்புறம் பேசலாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். இந்த வாரமே சொல்லுங்கள்.

நாங்கள் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். 1948-ல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போன எங்கள் ஆட்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் டெல்லியில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேருக்கு இந்தியா, 3,00,000 பேருக்கு இலங்கை, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது. அந்த மீதியையும் 1974-ல் இரண்டு நாடுகளும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. நாங்கள் கப்பலேறியதும் அந்த வருடம்தான்.

யார் யாரோடு போவது என்பது இந்த எண்களில் எங்கும் இல்லை. அதை ஒவ்வொரு லயத்திலும், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ராத்திரியில் உட்கார்ந்து பேசி, அழுது, சண்டை போட்டு முடிவு செய்தார்கள். அப்பா இந்தியாவுக்கு எழுதிப் போட்டார். சித்தப்பா இலங்கைக்கு எழுதினார். அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, சித்தப்பாவின் விண்ணப்பத்தில் சேர்ந்துகொண்டாள். நாங்கள் கிளம்பும் சமயத்திலாவது மனம் மாறுவாள் என்று அப்பா நினைத்திருந்தார். சித்திக்கு அது நிறைமாதம். ‘சின்னவன் பொண்டாட்டிக்கு யார்ரா இருக்கா’ என்று அப்பாயி கேட்டாளாம். இதெல்லாம் எனக்கு ரொம்ப காலம் கழித்துத்தான் தெரியும். எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்று: அப்பாயி அடுத்த கப்பலில் வருவாள்.

இலங்கைத் தோட்டங்களில் அது பஞ்ச காலம். 1973, 74-ல் அரிசியும் மாவும் கிடைக்காமல் பட்டினியில் சனங்கள் செத்தார்கள். அந்த நிலையிலும் நாங்கள் புறப்படுவதற்கு முந்தைய வாரம் எங்கள் லயத்தில் ஒவ்வொரு காம்பராவிலும் (ஒரு குடும்பம் இருக்கும் அறை) எங்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். ஒரு வீட்டில் மரவள்ளிக்கிழங்கும் சம்பலும். இன்னொரு வீட்டில் பாதி ரொட்டியும் தேத்தண்ணியும். ஒரு வீட்டில் எங்கிருந்தோ ஒரு கொத்து அரிசி தேடிப்பிடித்துக் கஞ்சி வைத்திருந்தார்கள், அந்த வீட்டுப் பிள்ளைகள் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், நின்று நாங்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா பாதியில் எழுந்துவிட்டார். ஒவ்வொரு வாசலிலும் அம்மா வழக்கம்போல ‘போயிட்டு வாறோம்’ என்றாள். அப்பா அந்த வார்த்தையை ஒரு வாசலில்கூடச் சொல்லவில்லை. ‘நல்லா இருங்க’ என்று மட்டும் சொன்னார். திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்த மனிதர் அவர். என்னிடம் மட்டும் ஏன் மாற்றிச் சொன்னார் என்று பிறகு பல வருடம் யோசித்திருக்கிறேன்.

எங்களை ஏற்றிக்கொண்டு போன ரயிலுக்கு மலையகத்தில் அழுகைக் கோச்சி என்று பெயர். தலவாக்கலையிலிருந்து கீழே இறங்கி, பொல்காவலையில் வடக்கு நோக்கித் திரும்பி, மதவாச்சி வழியாக, கப்பலேறும் தலைமன்னார் போய்ச் சேர வேண்டும். ஸ்டேஷனில் அழாதவர் என்று யாருமில்லை. வண்டி நகர்ந்த பிறகும் ஜன்னலில் பிடித்த கையை விடாமல் பிளாட்பாரம் முடியும்வரை ஓடி வருவார்கள். நான் அழவில்லை. எனக்கு அழக் காரணமே இல்லையே! அப்பாயி ஜன்னலுக்கு வெளியே நின்று என் கன்னத்தைப் பிடித்து, ‘போயி அடுப்பப் பத்த வச்சிட்டு இரு சாமி, பின்னாலேயே வாறேன்’ என்றாள். நான் கம்பி வழியாக வாங்கிய கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கடைசியாக அவள் முகத்தை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அடுத்த வாரம் பார்க்கப் போகிற முகம்தானே என்று இருந்துவிட்டேன்.

கப்பல் எங்களை ராமேஸ்வரத்தில் இறக்கியது. முன்பெல்லாம் தனுஷ்கோடிக்குத்தான் வருமாம். ஒப்பந்தம் போட்ட அதே 1964-ன் டிசம்பரில் புயலும் கடலும் தனுஷ்கோடியை அழித்துவிட்டன. மண்டபம் முகாமில் சில நாள் இருந்தோம். கப்பல் வரும் நாளெல்லாம் முகாமுக்குப் புதுச் சனங்கள் வருவார்கள். நான் வாசலிலேயே நிற்பேன். அப்புறம் நீலகிரியில் சேரம்பாடி. இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே தமிழக அரசு 1968-ல் தொடங்கிய தேயிலைத் திட்டம் அங்கே இருந்தது. பிற்பாடு டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது அதுதான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அங்கே வேலை. மழை, அட்டை, குளிர் எல்லாம் பழகியவைதான். காலனிக்குப் புதுக் குடும்பம் வந்தால் நான் ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஒரு வருடத்துக்கு மேல் இப்படி ஓடினேன். ஒரு நாள் அம்மா அடுப்படியிலிருந்தபடியே, திரும்பிப் பார்க்காமல், ‘அப்பாயி வராதுடா’ என்றாள். அவ்வளவுதான். வேறு விளக்கமில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அதுவும் அப்பா மேல் இல்லை, அப்பாயி மேல். பின்னாலேயே வாறேன் என்று என் கன்னத்தைப் பிடித்துச் சொன்னவள் அவள்தானே. சித்தப்பாவிடமிருந்து நீல நிற ஏர்மெயில் கடிதம் வரும். கடைசியில் ‘அப்பாயி உன்னை விசாரிச்சுது’ என்று ஒரு வரி இருக்கும். பதிலுக்கு ஒரு வரி எழுதச் சொல்லி அம்மா கெஞ்சுவாள். நான் எழுத மாட்டேன். 1979-ல் அவள் இறந்த செய்தியும் அதே நீலக் காகிதத்தில்தான் வந்தது. காரியமெல்லாம் முடிந்து பதினாறு நாள் கழித்து எழுதிய கடிதம். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. ஐந்து வருடத்தில் அவளுக்கு நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொன்ன பொய் இல்லை அது. இன்று உங்கள் அம்மா ‘அப்படியே சொல்லுங்க’ என்கிறாரே, அதே பாசத்தில்தான் அப்பாயியும் சொன்னாள். பிள்ளை அழுதுகொண்டே போவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. எனக்கு அவள் மேல் இப்போது வருத்தமில்லை. ஆனால் அன்று ஸ்டேஷனில் நான் வாய்விட்டு அழுதிருக்க வேண்டும். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று புரண்டிருக்க வேண்டும். அதற்கு எனக்கு உரிமை இருந்தது.

உங்கள் பயணத்தையும் எங்களுடையதையும் ஒன்றாக வைத்துப் பேசுவது சரியில்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் விரும்பிப் போகிறீர்கள், நினைத்தால் திரும்பலாம், தினமும் வீடியோவில் முகம் பார்க்கலாம். எங்களுக்கு 1984-ல் அந்தக் கப்பலும் நின்றுபோனது. ஆனால் அன்று நானும் முடிவெடுக்கவில்லை, இன்று உங்கள் மகளும் எடுக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவளும் நானும் ஒன்று.

திருடிக்கொண்டு ஓடுவது போல இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள், நீங்கள் ஊரைவிட்டுப் போவதால் அப்படி இருக்கிறதா? பிழைக்கப் போவதில் என்ன குற்றம்? என் பாட்டன் முசிறிப் பக்கமிருந்து கடல் தாண்டிப் போனதும் பிழைப்புக்குத்தான். எட்டு வயதுப் பிள்ளையிடம் மறைத்து வைத்துக்கொண்டு அதே வீட்டில் தினமும் அவளுக்குச் சோறூட்டுகிறீர்களே, அந்த உறுத்தல்தான் உங்களைத் தூங்கவிடவில்லை என்று நினைக்கிறேன். சொல்லிவிட்டால் வீட்டில் அழுகை இருக்கும். காய்ச்சலும் வரலாம். வரட்டும். மடியில் போட்டுக்கொள்ள பாட்டி பக்கத்திலேயே இருக்கிறார். அங்கே போய், பனியில், யாரையும் தெரியாத ஊரில் ஜன்னலோரம் நின்று அவள் காத்திருக்கத் தொடங்கினால் யார் மடி இருக்கிறது?

சொல்லும்போது முழுதாகச் சொல்லுங்கள். லீவு இல்லை, அங்கேதான் பள்ளிக்கூடம். பாட்டி வரவில்லை. நாம் இத்தனை வருடம் கழித்துத்தான் வருவோம். எத்தனை என்று உங்களுக்கே தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், வாய்க்கு வந்த கணக்கைச் சொல்லாதீர்கள். முக்கியமாக, பாட்டி தன் வாயால் சொல்லட்டும். அவரால் முடியாது என்றால் நீங்கள் சொல்லும்போது பக்கத்திலாவது உட்காரட்டும். அப்புறம் மகள் தன் பொருட்களைத் தன் கையால் கொடுக்கட்டும். சைக்கிளை யாருக்குக் கொடுப்பது, பூனை இருந்தால் அதை யார் வீட்டில் விடுவது என்பதெல்லாம் அவளுடைய முடிவு. பள்ளிக்கூடத்தில் கடைசி நாள் என்று சொல்லிவிட்டு வரட்டும்.

உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு கேள்வி. ‘அவர் வரவில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவர் தனியாக அந்த வீட்டில் இருக்க விரும்புகிறாரா, உறவுக்காரர் வீட்டிலா, யார் கேட்டார்கள்? என் அனுபவத்தில் நாம் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் பெரியவர்களிடம் சொல்கிறோம். முதலில் கேளுங்கள். வீட்டுக்கு பவர் பத்திரம் எழுதுவதாக இருந்தால் கிளம்புவதற்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள், அங்கே போனபிறகு தூதரகம், சான்று, திரும்ப இங்கே முத்திரை என்று இழுக்கும். வங்கி, ரேஷன் கார்டு விஷயமெல்லாம் உங்கள் கணவர் பார்த்திருப்பார்.

பெட்டிக்கு வருகிறேன். எங்கள் அம்மா வீட்டு அம்மியைத் தூக்கிவர முடியாது என்று குழவியை மட்டும் சேலைக்குள் சுற்றி எடுத்துவந்தாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். சேரம்பாடியில் ஒரு புது அம்மி வாங்கினோம். அந்தக் குழவி அதில் கடைசிவரை சரியாக உட்காரவில்லை. பழைய அம்மியில் இருபது வருடம் உருண்டு அந்தக் குழிவுக்கே தேய்ந்த கல் அது. சம்பல் ஒரு பக்கம் நைசாகவும் ஒரு பக்கம் திப்பியாகவும் இருக்கும். அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, வேறு குழவி வாங்கவும் விட்டதில்லை. ஆகவே எதை எடுத்துப் போகலாம் என்று என்னிடம் கேட்காதீர்கள். 46 கிலோவில் இரண்டு கிலோவை யாரும் காரணம் கேட்காத ஒரு பொருளுக்கு ஒதுக்கிவிடுங்கள். மகளுக்கும் அப்படி ஒன்று இருக்கட்டும், அது உடைந்த பொம்மையாக இருந்தாலும் சரி.

2011-ல் நான் தலவாக்கலை போனேன். சித்தப்பா இல்லை. அன்று சித்தியின் வயிற்றிலிருந்த பெண், என் தங்கை, தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். எங்கள் காம்பராவில் வேறு குடும்பம். பின்பக்கத்தில் அந்த அம்மி கிடந்தது. கத்தி தீட்ட வைத்துக்கொள்கிறார்கள். தங்கை ஒரு துணிமூட்டையைப் பிரித்து ஒரு நோட்டுப் புத்தகம் காட்டினாள். என்னுடைய மூன்றாம் வகுப்பு நோட்டு. எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயி சாகும்வரை அதைத் தலையணைக்கடியில் வைத்திருந்தாளாம். கடைசிப் பக்கங்களில் பென்சிலால் வரிவரியாகக் கோடுகள். தங்கைக்கும் அது என்னவென்று தெரியவில்லை. ‘கப்பல் வர்ற நாளெண்டு சொல்லும்’ என்றாள் சித்தி.

அன்று அந்தப் பின்பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

மகளிடம் சொன்னபிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.