பூங்கா இடத்தில் உரக்கூடம் கட்ட நகர்மன்றத் தீர்மானம்: இனி என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் ஊர் ஒரு சிறிய நகராட்சி. எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று விட்ட இடம் பல வருடங்களாகப் புதர் மண்டிக் கிடக்கிறது. போன மாதம் நகர்மன்றக் கூட்டத்தில், அங்கே குப்பையை உரமாக்கும் கூடம் கட்டத் தீர்மானம் நிறைவேறியதாக நாளிதழில் இரண்டு வரிச் செய்தி வந்தது. கூட்டத்திலேயே எதிர்த்ததாக எங்கள் கவுன்சிலர் சொல்கிறார். அலுவலகத்தில் கேட்டால், 'ஏகமனதாக நிறைவேறியது' என்கிறார்கள். நகல் கேட்டால் 'அப்புறம் வாங்க' என்கிறார்கள். தீர்மானம் போட்ட பிறகு நாங்கள் செய்வதற்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

பதில்: நிறையவே இருக்கிறது. ஆனால் கவுன்சிலர் வீட்டு வாசலில் கூடுவதையும் சாலை மறியலையும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். முதலில் கையில் காகிதம் வேண்டும். இப்போது உங்களிடம் இருப்பது ஒரு செய்தித் துணுக்கும், ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வாய்வார்த்தைகளும்தான்.

'தீர்மானம் நிறைவேறியது' என்று நாளிதழில் வந்தால் எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். நகராட்சியில் ஒரே வேலைக்குப் பல கட்டங்களில் மன்றத்தின் அனுமதி தேவைப்படும். கருத்துருவை அரசுக்கு அனுப்ப ஒரு தீர்மானம், மதிப்பீட்டை ஏற்க ஒன்று, ஒப்பந்தப்புள்ளியில் (டெண்டரில்) குறைந்த தொகை கேட்டவருக்கு வேலையைக் கொடுக்க இன்னொன்று. அவசரம் என்று சொல்லி முன்பே செய்துவிட்ட வேலைக்குப் பின்னேற்பு வழங்குவதும் தீர்மானம்தான். செய்தியில் இவை நான்கும் ஒரே மாதிரி இருக்கும். உங்களுடையது முதல் கட்டத்தில் இருந்தால் ஒரு நல்ல மனுவே போதலாம். பணி ஆணை கொடுத்தாகிவிட்டது என்றால் வழக்கறிஞரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. ஆக, எந்தக் கட்டம் என்பதுதான் முதல் கேள்வி.

அதற்குத் தீர்மான நகல் மட்டும் போதாது. தீர்மானம் பெரும்பாலும் 'மன்றம் அனுமதிக்கிறது' என்ற ஒற்றை வரி. விஷயமெல்லாம் அதற்கு மேலே, நிகழ்ச்சி நிரலில், அந்தப் பொருளின் கீழே இருக்கும் அலுவலகக் குறிப்பில்தான் இருக்கும். மாதிரிக்கு, உங்கள் பொருள் ஏறக்குறைய இப்படி இருக்கும்: 'இந்நகராட்சி ... வது வார்டு, ... நகரில் நகராட்சிக்குச் சொந்தமான காலியிடத்தில் நுண் உரம் செயலாக்க மையம் அமைக்க ரூ. ... லட்சத்திற்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளது. செலவினத்தை ... நிதியிலிருந்து மேற்கொள்ள மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது.' கீழே ந.க. எண், அதாவது கோப்பு எண், இருக்கும். அந்த எண்ணின் கடைசியில் வரும் எழுத்து, கோப்பு எந்தப் பிரிவில் இருக்கிறது என்று காட்டும். அடுத்த முறை அலுவலகத்துக்குப் போகும்போது யார் மேசைக்குப் போவது என்ற அலைச்சல் மிச்சம்.

இதில் மூன்று இடங்களைப் பென்சிலால் கோடிட்டுக்கொள்ளுங்கள். 'நகராட்சிக்குச் சொந்தமான காலியிடம்' என்றிருந்தால், அது பூங்கா ஒதுக்கீடு என்பதை மன்றத்துக்குச் சொல்லவே இல்லை என்று அர்த்தம். உறுப்பினர்கள் முழு விவரம் தெரியாமல் அனுமதித்திருக்கிறார்கள். உங்கள் மனுவின் முதுகெலும்பே இதுதான். அடுத்தது சர்வே எண்: சில சமயம் எண்ணே போடாமல் தெருப் பெயரோடு விட்டிருப்பார்கள், அதுவும் ஒரு குறைதான். மூன்றாவது நிதி. சொந்தப் பொது நிதி என்றால் முடிவை மாற்றுவது பெருமளவு மன்றத்தின் கையில். தூய்மை இந்தியா, நிதிக்குழு மானியம் என்று மேலிருந்து வரும் பணமென்றால், குறித்த காலத்தில் செலவு செய்தாக வேண்டிய நெருக்கடி அதிகாரிகளுக்கு இருக்கும். அவர்களிடம் போய் 'வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் காதில் ஏறாது. 'இங்கே வேண்டாம், அந்த இடத்தில் வைக்கலாம்' என்று மாற்று இடத்தின் சர்வே எண்ணோடு போனால் உட்காரச் சொல்வார்கள்.

இந்தக் காகிதங்களை வாங்குவதற்கு தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 6(1) பிரிவின் கீழ் மனு போடுங்கள். 'ஏன் பூங்கா இடத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள்?' என்று கேட்காதீர்கள். ஏன், எதற்கு என்ற கேள்விகளுக்கு அலுவலகத்தில் ஆவணம் இருக்காது, அதைச் சொல்லியே மனுவை முடித்துவிடுவார்கள். ஆவணங்களைக் கேளுங்கள்: குறிப்பிட்ட மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல், அந்தப் பொருளின் அலுவலகக் குறிப்பு, தீர்மானம், பதிவான ஆட்சேபணைகள், மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு, பணி ஆணை கொடுத்திருந்தால் அதன் நகல், உங்கள் மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம். எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம்.

பதிலுக்கு 30 நாள் அவகாசம். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாவது. இரண்டாவது மேல்முறையீட்டை நம்பி உட்காராதீர்கள், அதற்குள் கூடத்துக்குக் கூரை போட்டுவிடுவார்கள். அதனால் அதே மனுவில் 'கோப்பை நேரில் பார்வையிட அனுமதிக்கவும்' என்ற வரியைச் சேருங்கள். பார்வையிடுவதும் குறிப்பெடுப்பதும் சட்டம் தரும் உரிமை, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் கிடையாது. நகல் எடுக்க ஆள் இல்லை, ஜெராக்ஸ் ரிப்பேர் என்ற பேச்செல்லாம் அங்கே செல்லாது.

பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பாதி ஆவணங்கள் உங்கள் வீட்டுப் பீரோவிலேயே இருக்கும். உங்கள் கிரயப் பத்திரத்தை எடுத்து, சொத்து விவரத்தில் மனைப்பிரிவு அங்கீகார எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை வைத்து நகர் ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் வரைபடம் கேட்கலாம். அதில் அந்த இடம் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதில்தான் உங்கள் பலமும் பலவீனமும். 'பூங்கா' அல்லது 'திறந்தவெளி ஒதுக்கீடு' என்றிருந்தால் கை ஓங்கியிருக்கிறது. 'பொது உபயோகம்' என்று பொதுவாக இருந்தால் வாதம் அந்த அளவுக்கு வலுவாக நிற்காது, உரக்கூடமும் பொது உபயோகம்தானே என்பார்கள். வரைபடத்தைப் பார்க்காமல் 'பூங்காவை மீட்போம்' என்று பேனர் அடித்துவிடாதீர்கள்.

அப்புறம் தானப் பத்திரம். மனைப்பிரிவு போட்டவர் சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் தெரியும். பத்திரத்தில் 'பூங்கா உபயோகத்திற்காக' என்று எழுதியிருந்தால் அந்த நகல் ஒன்றே பத்து மனுவுக்குச் சமம். பழைய மனைப்பிரிவுகளில் பத்திரமே எழுதாமல் விட்டிருப்பதும் உண்டு. இடம் இன்னும் மனை போட்டவர் பெயரில் இருந்தால் அது வேறு வகைத் தலைவலி. உரக்கூடத்தை மறந்துவிட்டு முதலில் இடத்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

சரி, கவுன்சிலர் விஷயம். அவர் எதிர்த்துப் பேசியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பேசியது வேறு, பதிவானது வேறு. வெளிநடப்பு செய்தால் மறுநாள் படத்தோடு செய்தி வரும், அவர் வெளியே நின்று பேட்டி கொடுக்கும் நேரத்தில் உள்ளே மீதமிருப்பவர்கள் முப்பது பொருளையும் ஐந்து நிமிடத்தில் நிறைவேற்றிவிடுவார்கள். அவர் அவையில் இல்லாததால் எதிர்ப்பும் கணக்கில் வராது. அவரிடம் சண்டை போடாமல் ஒரு வேலையைக் கேளுங்கள்: 'குறிப்பிட்ட பொருளுக்கு நான் ஆட்சேபணை தெரிவித்தேன், தீர்மானப் பதிவில் அதைச் சேர்க்க வேண்டும்' என்று தலைவருக்கும் ஆணையாளருக்கும் எழுத்து மூலம் கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை மறுபரிசீலனைக்குக் கொண்டுவரவும் சொல்லுங்கள். மன்றம் போட்ட தீர்மானத்தை மன்றமே ரத்து செய்யலாம், அதற்குரிய நடைமுறையை ஆணையாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளட்டும். நகர்மன்றத்தில் உங்களுக்காக எழுந்து பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவரைப் பகைத்துக்கொள்வதில் லாபம் இல்லை.

மனு எழுதும்போது ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்ஆப்பில் சுற்றும் மாதிரி மனுக்களில் இன்னும் 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டப் பிரிவுகள்தான் இருக்கின்றன. 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறையில் இருப்பது தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998, அதற்கான 2023-ஆம் ஆண்டு விதிகள். பழைய பிரிவைப் போட்டதால் மட்டும் மனு செல்லாமல் போகாது, ஆனால் எதிரில் இருப்பவர் உங்களை எடை போட்டுவிடுவார். பிரிவு எண் நிச்சயமாகத் தெரியாவிட்டால் எண்ணே போடாதீர்கள். தீர்மான எண், தேதி, சர்வே எண், வரைபட அங்கீகார எண் இந்த நான்கும் சரியாக இருந்தால் போதும்.

மனுவை ஆணையாளருக்கு முகவரியிட்டு, நகர்மன்றத் தலைவர், நகராட்சி நிர்வாக மண்டல இயக்குநர், மாவட்ட ஆட்சியர், நகர் ஊரமைப்புத் துறை ஆகியோருக்கு நகல் போடுங்கள். சட்டத்துக்கு முரணான தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் அரசுக்கு அதிகாரம் உண்டு, அந்தப் பாதை மண்டல இயக்குநர் வழியாகத்தான் தொடங்கும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மற்றவர்களுக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதுகளை ஒரே கோப்பில் வையுங்கள். 50 பேர் கையெழுத்து இருந்தால் நல்லது. ஆனால் அந்த மனைப்பிரிவில் மனை வைத்திருக்கும் 5 பேர், பத்திர நகலோடு போடும் கையெழுத்துக்கு எடை அதிகம்.

பகுதி சபா என்று ஒன்று இருப்பதும் பலருக்குத் தெரியாது. கிராம சபை போல நகரத்துக்கு ஒன்று வேண்டும் என்று 2022-இல் விதி கொண்டுவந்து, அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் மாநிலம் முழுக்கத் தொடங்கினார்கள். ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகிய நாட்களில் கூட வேண்டும். பல இடங்களில் பத்து நாற்காலியும் ஒரு மைக்கும் வைத்து அரை மணியில் முடித்துவிடுகிறார்கள் என்பது வாஸ்தவம். இருந்தாலும் அங்கே உங்கள் ஆட்சேபணை பதிவானால், பின்னால் 'பொதுமக்களிடமிருந்து எதிர்ப்பு ஏதும் வரவில்லை' என்று யாரும் எழுத முடியாது.

உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கு எழுதலாமா என்று அடுத்து கேட்பீர்கள். 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அது, ஊழல், முறைகேடு புகார்களுக்கானது. டெண்டரில் தில்லுமுல்லு நடந்ததற்கு ஆதாரம் இருந்தால் போங்கள். இடத்தேர்வு பிடிக்கவில்லை என்பதற்கு அது சரியான கதவு அல்ல.

கடைசி வழி உயர் நீதிமன்றம். பூங்கா இடம் பற்றி உங்கள் வழக்கறிஞர் முதலில் எடுக்கப்போவது பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பாகத்தான் இருக்கும். பெங்களூரில் ஒரு குடியிருப்பில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை, முதலமைச்சர் அளவில் வந்த உத்தரவின் பேரில், தனியார் மருத்துவமனை கட்ட ஒரு அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். ஒதுக்கீடு செல்லாது என்றதோடு, பூங்காவை இழக்கும் குடியிருப்பவர்களுக்கு வழக்குத் தொடரும் உரிமை உண்டு என்றும் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அங்கே இடம் போனது தனியாருக்கு. உங்கள் ஊரில் கட்டப்போவது நகராட்சியே. அரசு வழக்கறிஞர் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்வார், அதற்கும் பதில் தயாராக இருக்கட்டும்.

வழக்குப் போடும்போது பலர் 'எங்கள் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிட வேண்டும்' என்று மட்டும் கேட்டுத் திருப்தி அடைகிறார்கள். உத்தரவு எளிதாகக் கிடைக்கும். ஆணையாளர் பரிசீலித்து 'ஏற்க இயலாது' என்று ஒரு பக்கத்தில் முடித்துவிடுவார், நீங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேலை தொடங்கும் நிலையில் இருந்தால், தீர்மானத்தையே ரத்து செய்யவும் அதுவரை கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதிக்கவும் கேட்பது பற்றி வழக்கறிஞரிடம் பேசுங்கள். அஸ்திவாரம் தோண்டிய பிறகு போனால், 'பொதுப் பணம் செலவாகிவிட்டதே' என்ற வாதமும் எதிரில் சேர்ந்துகொள்ளும். அதனால் தெருவில் யாராவது ஒருவர், அளவு நாடாவோடு ஆட்கள் வருகிறார்களா, செங்கல் லோடு இறங்குகிறதா என்று ஒரு கண் வைத்திருக்கட்டும். வந்தால் அன்றைக்கே தேதி தெரியும்படி படம் எடுத்து, ஆணையாளருக்கு இரண்டாவது மனுவை அனுப்பிவிடுங்கள்.