வீடு வாங்கேக்க, விக்கேக்க, ரீமோட்கேஜ் பண்ணேக்க: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வியளில கனக்க, காசு ஆர் குடுத்தது வீடு ஆற்ற பேரில போகுது எண்ட ரகம்தான். கேள்வியளைச் சுருக்கிப் போட்டிருக்கு. பதில் எல்லாம் இங்கிலாந்துச் சட்டப்படி, ஸ்கொட்லாந்தில வாங்கிறவை இதை வச்சு முடிவெடுக்க வேண்டாம், அங்க முறையே வேற.

கேள்வி: லண்டனில முதல் வீடு வாங்கப் போறம், விலை 450,000 பவுண்ஸ். அப்பா செத்தாப் பிறகு ஊர் வீடு என்ர பேரிலயும் தம்பியின்ர பேரிலயும் பாதி பாதியா இருக்கு. முதல் வீடு வாங்கிறவைக்கு ஸ்டாம்ப் டியூட்டியில (வீடு வாங்கேக்க கட்டுற வரி) குடுக்கிற சலுகைக்கு அது கணக்கில வருமோ? மோட்கேஜ் புரோக்கர் ஒண்டும் கேக்கேல்ல.

பதில்: வரும். எங்கட ஆக்கள் கனபேர் மாட்டுப்படுற இடமே இதுதான். ஃபர்ஸ்ட் டைம் பையர் எண்டா இங்கிலாந்தில முதல் வீடு எண்டு நினைக்கினம், ஆனா சட்டம் கேக்கிறது உலகத்தில எங்கயாவது ஒருக்காலாவது உங்கட பேரில வீடு இருந்ததோ எண்டு, காசு குடுத்து வாங்கினதா முதுசமா வந்ததா எண்ட பேச்சே இல்லை, பாதிப் பங்கும் வீடுதான். ரெண்டு பேர் சேர்ந்து வாங்கினா ரெண்டு பேருமே அப்பிடி இருக்கோணும், ஒராளுக்கு இல்லையெண்டா சலுகை முழுக்கப் போச்சு. 2025 ஏப்ரல் 1ல இருந்து இருக்கிற கணக்குப்படி 450,000 வீட்டுக்கு சலுகையோட ஸ்டாம்ப் டியூட்டி 7,500, சலுகை இல்லாட்டி 12,500.

அதோட நிண்டாப் பரவாயில்லை. ஊர் வீட்டில உங்கட பங்கின்ர பெறுமதி 40,000 பவுண்ஸ் அல்லது அதுக்கு மேல எண்டா இங்க வாங்கிற வீடு ரெண்டாவது வீடா எடுபடும், அதுக்கு முழு விலையிலயும் மேலதிகமா 5 வீதம் (2024 ஒக்டோபர் 31க்கு முதல் 3 வீதமா இருந்தது), அதாவது இன்னுமொரு 22,500, மொத்தம் 35,000. கலியாணம் கட்டின ஆக்கள் எண்டா ஊர் வீடு புருசன்ர பேரில, இங்க மனுசி தனிய வாங்கிறா எண்டாலும் ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் பாப்பினம். ஒரு விதிவிலக்கு இருக்கு, அது உங்களுக்குப் பொருந்தலாம்: முதுசப் பங்கு வந்து 3 வருசம் ஆகேல்ல, அந்தப் பங்கு பாதிக்கு மேலயும் இல்லை எண்டா, இந்த 5 வீதத்துக்கு அதைக் கணக்கில எடுக்கிறேல்ல. ஆனா ஃபர்ஸ்ட் டைம் பையர் சலுகை அதால திரும்பி வராது. அதால அப்பா எப்ப செத்தவர், வீடு எப்ப உங்கட பேருக்கு வந்தது எண்ட திகதியளை லோயரிட்ட முதலே குடுங்கோ. ஊரில வீடில்லாத வெறும் காணி எண்டா இந்தத் தலையிடி இல்லை. "ஊரில இருக்கிறது இவைக்கு எப்பிடித் தெரியப்போகுது" எண்டு இன்னொராள் தனியா எழுதிக் கேட்டிருக்கிறார், அவருக்குச் சொல்லுறது இவ்வளவுதான், வரிப் படிவம் போறது உங்கட பேரில, நாளைக்குப் பிழை எண்டு வந்தா மிச்ச வரியும் வட்டியும் தண்டமும் உங்களிட்டத்தான் கேப்பினம், ஐடியா தந்தவரிட்ட இல்லை.

கேள்வி: ஓஃபரை ஏத்துக்கொண்டாச்சு, சர்வேயும் செய்தாச்சு, இப்ப விக்கிறவர் ஆரோ 10,000 கூடத் தாறினமாம் எண்டு மாறுறார். வழக்குப் போடலாமோ?

பதில்: ஏலாது. காணி, வீடு விக்கிற ஒப்பந்தம் எழுத்தில இருந்து கையெழுத்து வச்சாத்தான் செல்லும் எண்டு 1989ம் ஆண்டுச் சட்டம் சொல்லுது, கொன்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச் (ரெண்டு பக்கமும் கையெழுத்து வச்ச ஒப்பந்தத்தை மாத்திக்கொள்ளுறது) ஆகுமட்டும் ரெண்டு பக்கமும் மாறலாம், நீங்களும்தான். சர்வேக்கும் சேர்ச்சுக்கும் (கவுன்சில் மாதிரி இடங்களில வீட்டைப் பற்றி லோயர் விசாரிக்கிறது) குடுத்த காசு போனதுதான். எக்ஸ்சேஞ்ச் ஆனாப் பிறகு கதை வேற, அப்ப நீங்கள் வழமையா 10 வீதம் டெபாசிட் கட்டியிருப்பியள், பிறகு உங்களால வாங்க ஏலாமப் போனா அந்தக் காசை விக்கிறவர் எடுத்துக்கொள்ளலாம், நட்டம் அதுக்கு மேல எண்டா அதையும் கேக்கலாம். அதால லோன் ஓஃபர் பேப்பர் கைக்கு வராம எக்ஸ்சேஞ்சுக்கு ஓம் எண்டு சொல்லாதேங்கோ, ஏஜென்ட் எவ்வளவுதான் அவசரப்படுத்தினாலும்.

கேள்வி: டெபாசிட்டில கொஞ்சம் சீட்டு எடுத்த காசு, கொஞ்சம் அண்ணா தாறது. லோயர் ஆறு மாச பாங் ஸ்டேட்மென்ட், அண்ணான்ர ஸ்டேட்மென்ட் எல்லாம் கேக்கிறா. எங்களைக் கள்ளர் எண்டு நினைக்கிறாவோ?

பதில்: இல்லை, கேக்காட்டி அவவுக்குத்தான் பிரச்சினை. 2017ம் ஆண்டு மணி லோண்டரிங் விதியளின்படி காசு எங்கால வந்தது எண்டு லோயர் பாத்தே ஆகோணும், தேவையெண்டா காசு தாறவற்ற கணக்கையும் பாப்பா. சீட்டுக் காசில பிழை ஒண்டும் இல்லை, பிரச்சினை என்னெண்டா அதுக்கு பேப்பர் இருக்காது. மாசம் மாசம் நீங்கள் கட்டினது உங்கட பாங்கில இருந்து போயிருக்கோணும், எடுத்த காசும் பாங்குக்கே வந்திருக்கோணும், சீட்டு நடத்துறவர் ஆர் ஆர் எவ்வளவு கட்டினவை எண்ட விபரத்தோட ஒரு கடிதம் தந்தா நல்லது. கட்டினதும் எடுத்ததும் கைக்காசா எண்டா, உண்மையச் சொல்லுறன், கன லோயர்மார் தொடவே மாட்டினம். வீடு வாங்கிற யோசினை இருக்கிறவை இண்டைக்கே பாங்கால கட்டத் தொடங்குங்கோ.

அண்ணான்ர காசுக்கு வாறன். லெண்டர் (வீட்டுக் கடன் தாற பாங்) கேக்கிற கடிதத்தில, இது அன்பளிப்பு, திருப்பித் தரத் தேவையில்லை, வீட்டில பங்கும் கேக்கமாட்டன் எண்டு அவர் கையெழுத்து வைக்கோணும். எங்கட வீடுகளில "பேப்பருக்கு அப்பிடி எழுதுவம், பிறகு மெல்ல மெல்லத் திருப்பித் தாறன்" எண்டு கதைக்கிறது எனக்கும் தெரியும், ஆனா அது கடன், கடன் எண்டா லெண்டருக்குச் சொல்லோணும், தெரிஞ்சுகொண்டு பொய் எழுதிக் குடுத்தா 2006ம் ஆண்டு ஃப்ரோட் சட்டத்துக்குள்ள வரலாம், அதுவும் ரெண்டு பேரும். அண்ணா ஒருவேளை பிறகு உங்களோட கோவிச்சுக்கொண்டு காசைக் கேட்டு வந்தா, அவற்ற கையெழுத்தே அவருக்கு எதிரா நிக்கும்.

கேள்வி: என்ர கிரெடிட் சரியில்லை எண்டு மச்சான்ர பேரில வீடு வாங்கினது. டெபாசிட்டும் மாசக் காசும் நான்தான் கட்டுறன். இப்ப மச்சானும் மனுசியும் பிரியப் போகினம், வீட்டில பாதி தனக்கு எண்டு அவ சொல்லுறா.

பதில்: லாண்ட் ரெஜிஸ்ட்ரியில (வீடு, காணி ஆற்ற பேரில எண்டு வச்சிருக்கிற அரசாங்கப் பதிவு) பேர் அவற்ற பேர்தான், அதால வீடு அவருக்கு எண்டுதான் முதல்ல எடுத்துக்கொள்ளுவினம், இல்லையெண்டு காட்ட வேண்டியது நீங்கள். பேர் ஒராளில இருந்தாலும் உரிமை இன்னொராளுக்கு இருக்கலாம் எண்டு கோர்ட் ஏத்துக்கொள்ளும், ஆனா வாங்கேக்க என்ன பேசிக்கொண்டனீங்கள், டெபாசிட் எங்கால போனது எண்டதுக்கு ஆதாரம் வேணும், பழைய பாங் ஸ்டேட்மென்ட், மெசேஜ், எல்லாத்தையும் இப்பவே எடுத்து வையுங்கோ. வீட்டை உங்களுக்குத் தெரியாம விக்காமல் இருக்க ரெஜிஸ்டரில ஒரு ரெஸ்ட்ரிக்ஷன் போடலாமோ எண்டு கேளுங்கோ, டிவோர்ஸ் வழக்குக்குள்ள நீங்களும் ஒரு தரப்பா நுழைய வேண்டியும் வரலாம். மச்சான் பிடிச்ச லோயரிட்ட போகாதேங்கோ, தனியா ஒராளைப் பிடியுங்கோ, ஏனெண்டா அங்க ஆர் இருக்கப்போறது எண்டு அந்த நேரம் லெண்டருக்கு என்ன சொன்னது எண்ட கேள்வியும் வரும், அதில உங்கட நலனும் மச்சான்ர நலனும் ஒண்டில்லை.

இப்ப சகோதரத்தோட சேர்ந்து வாங்கிற ஆக்களுக்கும் ஒரு சொல். லோயர் ஜொயின்ட் டெனன்ட்ஸோ டெனன்ட்ஸ் இன் கொமனோ எண்டு கேட்டா விளங்காம டிக் போடாதேங்கோ. முதலாவதில ஒராள் செத்தா முழுவீடும் மற்றவருக்கு, உயில் எழுதி வச்சாலும் பிரயோசனம் இல்லை. ரெண்டாவதில அவரவர் பங்கு அவரவற்ற. ஒராள் 70,000 மற்றவர் 30,000 போட்டா ரெண்டாவதுதான் சரி, பங்கைச் சொல்லி டிக்ளரேஷன் ஒஃப் ட்ரஸ்ட் ஒண்டும் எழுதோணும். தம்பிக்கும் எனக்கும் பேப்பரோ எண்டு வெக்கப்படுற ஆக்களுக்கு, பிறகு கதைக்க வாறது தம்பி மட்டும் இல்லை, தம்பியின்ர மனுசியும் அவவின்ர லோயரும்.

கேள்வி: கணவர்ர கடைக்காக ரெண்டு பேர் பேரிலயும் இருக்கிற வீட்டை ரீமோட்கேஜ் பண்ணி (திரும்ப ஈடு வச்சுப் புதுக் கடன் எடுத்து) காசு எடுக்கப் போறார். லோயர் அவரை வெளியில விட்டுட்டு என்னோட தனியாக் கதைக்கோணுமாம். இவருக்குக் கோவம்.

பதில்: கோவப்பட ஒண்டும் இல்லை. புருசன்ர கடனுக்காக வீட்டை ஈடு வைக்க மனுசி கையெழுத்து வச்சிட்டு, பிறகு தனக்கு ஒண்டும் விளங்கேல்ல, வற்புறுத்தித்தான் வச்சனான் எண்டு வந்த வழக்குகள் இந்த நாட்டில கனக்க. 2001ல எட்ரிட்ஜ் எண்ட வழக்கில, அந்த நேரம் இந்த நாட்டின்ர உச்ச கோர்ட்டா இருந்த ஹவுஸ் ஒஃப் லோர்ட்ஸ் தெளிவாச் சொல்லிப்போட்டுது, லோயர் மனுசியை புருசன் இல்லாம நேரில கண்டு, கடன் எவ்வளவு, கட்டாட்டி வீடு போகும், வேண்டாம் எண்டு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு எண்டதை லேசான பாஷையில விளங்கப்படுத்தோணும் எண்டு. இங்கிலிஷ் கஷ்டமெண்டா மொழிபெயர்க்க ஆளைக் கேளுங்கோ, பிள்ளையளை வச்சுச் செய்யாதேங்கோ. கட்டாயம் கேக்கவேண்டிய ஒண்டு, இது இந்தத் தொகைக்கு மட்டுமோ, இல்லாட்டி நாளைக்குக் கடை எடுக்கிற எல்லாக் கடனுக்குமோ? ரெண்டாவது எண்டா நான் உங்கட இடத்தில கையெழுத்து வைக்கமாட்டன்.

உங்களோட இருக்கிற அம்மாவும் கையெழுத்து வைக்கோணும் எண்டு லெண்டர் கேட்டதா எழுதியிருக்கிறியள், அதுவும் வழமைதான். அவ வீட்டில காசு போட்டிருந்தா அந்த உரிமை பாங்குக்குப் பின்னாலதான் எண்டு ஒத்துக்கொள்ளுற பேப்பர் அது, அவவுக்கும் தனியா ஒரு லோயர் பாத்துச் சொன்னா நல்லது. இருக்கிற லெண்டரிட்டயே வட்டியை மட்டும் மாத்திறவைக்கு இந்த அலுப்பு ஒண்டும் இல்லை, பொதுவா லோயரே தேவைப்படாது.

கேள்வி: வீடு விக்கிறம். 8 வருசத்துக்கு முன்னம் லொஃப்ட் அடிச்சது (கூரைக்குள்ள அறை கட்டினது), வேலை விதிப்படி நடந்தது எண்ட கவுன்சில் சேர்டிஃபிக்கட் எடுக்கேல்ல. வாங்கிறவற்ற லோயர் கேக்கிறார். கவுன்சிலுக்கு அடிச்சுக் கேக்கட்டோ?

பதில்: பொறுங்கோ, ஃபோனை வையுங்கோ. இதுக்கு இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ் எண்டு ஒண்டு இருக்கு, ஒருக்காத்தான் கட்டுறது, கவுன்சில் நடவடிக்கை எடுத்தா வாற நட்டத்தை அது பாக்கும், ஆனா நீங்கள் முதலே கவுன்சிலோட கதைச்சிருந்தா பொதுவாத் தரமாட்டினம். அதால உங்கட லோயரோட கதைச்சு, இன்சூரன்ஸோ, இல்லாட்டி கவுன்சிலைக் கூப்பிட்டுக் காட்டி, முந்திச் செய்த வேலைக்கு இப்ப தாற ரெகுலரைசேஷன் சேர்டிஃபிக்கட் எடுக்கிறதோ எண்டு முடிவெடுத்தாப் பிறகு அடுத்த வேலை. ரெண்டாவதில வேலை பிழையெண்டா சீலிங்கை உடைச்சுக் காட்டச் சொல்லவும் கூடும். இன்சூரன்ஸ் பேப்பர்ப் பிரச்சினையைத்தான் தீர்க்கும், லொஃப்ட் பாரம் தாங்குமோ எண்டதை இல்லை, வாங்கிறவர் சர்வேயரை அனுப்பினா விடுங்கோ.

டிஏ6 (TA6) படிவத்தில, அதாவது விக்கிறவர் வீட்டைப் பற்றி நிரப்பிக் குடுக்கிற படிவத்தில, லொஃப்ட் எப்ப அடிச்சது எண்டு கேட்டா உள்ளதை எழுதுங்கோ, பக்கத்து வீட்டோட வேலியால வந்த சண்டை எண்டாலும் எழுதுங்கோ. பொய் எழுதி வித்தா, வாங்கினவர் பிறகு நட்டஈடு கேட்டு வரலாம், வித்து முடிஞ்சுது எண்டு சொல்லித் தப்பேலாது.