வரும் வாரம் மழை எப்படி, மலையில் உறைநிலை எங்கே: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மாரி தொடங்கினால் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலிருந்தும் கேள்விகள் வந்தபடி இருக்கும். இம்முறை பாதிப் பேர் கேட்டிருப்பது, போனில் புதிதாகக் கண்ட ஓர் எண்ணைப் பற்றி.

காலநிலைச் செயலியில் ‘உறைநிலை 4,900 மீட்டர்’ என்று காட்டுகிறது. நுவரெலியாவில் பனி கொட்டுமா? (செங்கலடி)

கொட்டாது. மேலே போகப் போகக் காற்று குளிரும். அது 0 பாகையைத் தொடும் உயரம்தான் உறைநிலை. நம் கரையில் 27, 28 பாகையாக இருக்கும் காற்று, ஒரு கிலோமீட்டர் ஏறினால் 5 முதல் 6 பாகை வரை குறையும். அப்படிக் கணக்குப் பார்த்தால் பூச்சியம் வருவது ஏறத்தாழ 5 கிலோமீட்டரில். இலங்கையின் உயரமான மலை பீதுருதலாகலை, அதுவே 2,524 மீட்டர்தான். உறைநிலை அந்த உச்சிக்கும் இரண்டு கிலோமீட்டருக்கு மேலே இருக்கிறது.

ஐரோப்பிய மலைநாடுகளில் இந்த எண் ஒரே வாரத்தில் ஆயிரம், இரண்டாயிரம் மீட்டர் ஏறி இறங்கும். மலையில் விழப்போவது மழையா பனியா என்பதை அங்கே அதை வைத்துத்தான் சொல்கிறார்கள். நம் பக்கம் வருடம் முழுக்க அது பெரிதாக அசைவதில்லை. எனவே வரும் வார மழையை அறிய அந்த எண் உதவாது.

ஜனவரி, பெப்ரவரி விடியலில் நுவரெலியாப் புல்வெளி வெளுத்துக் கிடப்பது உறைபனி. மேகமில்லாத, காற்றசையாத இரவில் நிலம் தன் சூட்டை இழந்து, புல் நுனி மட்டும் 0 பாகைக்கு இறங்குவதால் வருவது. வானம் மூடிக்கிடக்கும் மழை வாரத்தில் அதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்படியானால் ஆலங்கட்டி மட்டும் எப்படி விழுகிறது? (மகா ஓயா)

இடிமேகம் உறைநிலையைத் தாண்டிப் பல கிலோமீட்டர் வளரும். கட்டி அங்கே உருவாகி, கரைந்து முடியுமுன் நிலத்துக்கு வந்துவிடுகிறது. அது பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களின் பின்னேர இடிமழையில் நடப்பது. வாடைக்கால அடைமழையில் அபூர்வம்.

80 வீதம் மழை என்று போட்டிருந்தது. ஒரு துளி இல்லை. எதை நம்புவது? (கல்முனை)

80 வீதம் என்றால், அதே மாதிரியான பத்து நாட்களில் எட்டில் மழை இருக்கும் என்று பொருள். எவ்வளவு மழை என்பது அதில் இல்லை. அதற்கு மில்லிமீட்டரைப் பாருங்கள். அதிலும் முதல் மூன்று நாள் கணக்கைத்தான் நான் நம்புவேன். ஐந்தாம், ஆறாம் நாளுக்கு ‘140 மி.மீ.’ என்று காட்டினால், அன்று வங்கக் கடலில் ஏதோ உருவாகலாம் என்ற அளவில் எடுத்துக்கொண்டு, தினமும் திரும்பிப் பாருங்கள். தாழமுக்கம் நூறு கிலோமீட்டர் தள்ளிப் போனாலே அந்த மழை வேறு மாவட்டத்தில் கொட்டிவிடும். செயலியும் வளிமண்டலவியல் திணைக்களமும் வேறு வேறாகச் சொன்னால் திணைக்களத்தின் அறிவிப்பையே எடுங்கள்.

மழை விட்டு வெயில் எறிக்கிறது. ஆனாலும் வெள்ளம் ஏறுகிறதே? (மண்டூர்)

இந்த வாரம் எல்லோரும் கவனிக்க வேண்டியது இதைத்தான். உங்கள் வாசலுக்கு வரும் தண்ணீர் உங்கள் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை. கல்லோயா பதுளைப் பக்கத்து மலைகளில் தொடங்கி சேனாநாயக்க சமுத்திரத்துக்கு வருகிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் உன்னிச்சை, நவகிரிக் குளங்கள் மேற்கேயுள்ள காடுகளின் மழையை ஏந்துகின்றன. ஒரு ஏக்கரில் 100 மி.மீ. பெய்தால் அதுவே நான்கு லட்சம் லீற்றர். குளம் நிறைந்து வான்கதவு திறந்தபின், அந்தத் தண்ணீர் நம் பக்கம் வந்துசேர நேரம் எடுக்கும். அதற்குள் இங்கே வெயிலும் வந்துவிடும்.

வாவிக்கும் இதே கதைதான். முகத்துவாரம் மணலால் அடைபட்டிருந்தாலோ, வாடைக்காற்று கடலைக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தாலோ தண்ணீர் மெதுவாகத்தான் வடியும். ஆகவே மழை முன்னறிவிப்போடு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் குளமட்ட, வான்கதவு அறிவிப்பையும் சேர்த்துக் கேளுங்கள். தண்ணீர் ஓடும் தாம்போதியை (வெள்ளம் மேவிப் பாயும் தாழ்வான பாலத்தை) எந்த வாகனத்திலும் கடக்காதீர்கள். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு மத்ரசா மாணவர்கள் இறந்தார்கள். இன்னொரு முறை அப்படி ஒரு செய்தி எழுதும்படி ஆகக் கூடாது.

யூரியா போடலாமா? (வெல்லாவெளி)

அடுத்த இரண்டு, மூன்று நாளில் பலத்த மழை காட்டினால் பொறுங்கள். வரம்பு மேவிப் பாய்ந்தால் பசளை முழுக்க வாய்க்காலில் போய்விடும். தூறல் என்றால் பயமில்லை.

விடுமுறைக்குப் பதுளை வழியாக மலைநாடு போக நினைக்கிறோம். (ஏறாவூர்)

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். சிவப்பு என்றால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். அங்கே தங்கியிருக்கும்போது சுவரிலோ நிலத்திலோ புது வெடிப்பு கண்டாலும், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்கினாலும் உடனே வெளியேறி அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.