வலை இழுக்கும் தோளுக்கும் கணக்கு உண்டு: வாசகர் கேள்வி-பதில்

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் ஜிம்கள் நிரம்பிவிடும். ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பையன்கள் காலையும் மாலையும் எடை தூக்குவார்கள். ஜூன் கடைசியில் எனக்குக் கேள்விகள் குவியத் தொடங்கும். இந்தக் கரையில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். வந்திருக்கும் கேள்விகளில் முக்கால்வாசிக்குள் ஒரே பயம்தான் இருக்கிறது: வலி வந்துவிட்டதே, எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா?

பாம்பன், வயது 26: தடைக்காலத்தில் ஜிம்மில் சேர்ந்தேன். பெஞ்சில் மல்லாந்து படுத்துக் கம்பியை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் 60 கிலோ வரை வந்தது. இப்போது வாரம் மூன்று நாள் கடலுக்குப் போகிறேன். வலது தோளின் முன்பக்கம் வலிக்கிறது, அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. மாஸ்டர் மூன்று மாதம் ஜிம் பக்கமே வராதே என்கிறார்.

மூன்று மாதம் நிறுத்த வேண்டிய அவசியம் தெரியவில்லை. முதலில் கணக்கைப் பாருங்கள். தடைக்காலத்தில் உங்கள் தோளுக்கு ஜிம் மட்டும்தான் வேலை. கடல் திறந்த பிறகு அதே ஜிம் அட்டவணையோடு வலை இழுப்பதும் ஐஸ் பெட்டி தூக்குவதும் சேர்ந்துகொண்டன, தூக்கமும் குறைந்தது. கம்பியில் வந்த எடை எது, நனைந்த வலையில் வந்த எடை எது என்று தோள் பிரித்துப் பார்க்காது. இரண்டையும் கூட்டித்தான் சுமக்கும்.

படகுக்காரர்கள் வந்தால், தோளைத் தொடுவதற்கு முன் நான் உள்ளங்கையைத்தான் பார்ப்பேன். கயிறு இழுத்த காய்ப்பு பழசாக, மஞ்சளாகத் தடித்திருக்கும். ஜிம் கம்பியின் காய்ப்பு விரல்களின் அடியில் இளசாகச் சிவந்திருக்கும். இரண்டும் ஒரே கையில் இருந்தால், எத்தனை நாள் கடல், எத்தனை நாள் ஜிம் என்பதுதான் என் முதல் கேள்வி.

கடலுக்குப் போகும் நாளிலும் திரும்பிய மறுநாளும் ஜிம்மில் தோள் வேலை வேண்டாம், காலுக்கு மட்டும் செய்யுங்கள். தோள் வேலைக்கு வாரம் ஒன்றிரண்டு நாள் கிடைத்தால் போதும். கம்பியை வைத்துவிட்டு டம்பெல் எடுங்கள். தரையில் மல்லாந்து படுத்து, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்க, முழங்கையை விலாவிலிருந்து அதிகம் விரிக்காமல் தள்ளுங்கள். முழங்கை தரையில் முட்டி நின்றுவிடுவதால் தோள் பின்னால் போகாது. பழைய எடையில் பாதியில் தொடங்குங்கள், 10 முறை வீதம் 3 செட். பழைய சைக்கிள் டியூப்பைத் தூணில் கட்டி, முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் இழுக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். 3 வரை இருந்தால் தொடரலாம். 4, 5 என்றால் எடையைக் குறையுங்கள். அதற்கு மேல் போனால் அன்றைக்கு அந்த அசைவே வேண்டாம். செய்யும்போது போடும் மதிப்பெண்ணைவிட மறுநாள் காலை போடும் மதிப்பெண்தான் எனக்கு முக்கியம். சட்டை மாட்டும்போது நேற்றைவிட அதிகம் வலித்தால், நேற்று செய்தது அதிகம். ஒரு வாரம் அமைதியாகப் போனால் மட்டும் கொஞ்சம் ஏற்றுங்கள். தசைநார் வலி ஆற 12 வாரம்கூட ஆகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். கயிறு வெடுக்கென்று இழுத்ததிலோ விழுந்ததிலோ இந்த வலி வந்து, அதற்குப் பிறகு கையை மேலே தூக்கவே வரவில்லை என்றால், பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கீழக்கரை, வயது 41: துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறேன். கம்பியைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் செய்யும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. எம்ஆர்ஐ ஸ்கேனில் எல்4-எல்5 டிஸ்க் வீக்கம், அதாவது கீழ்முதுகில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை பிதுங்கியிருக்கிறது என்று வந்திருக்கிறது. இனி வாழ்நாள் முழுக்க எடை தூக்கக் கூடாது என்கிறார்கள்.

ஸ்கேன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் எவ்வளவு பயந்திருக்கிறீர்கள் என்பது எழுத்திலேயே தெரிகிறது. 2015-ல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வைச் சொல்கிறேன். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை அதில் தொகுத்துப் பார்த்தார்கள். வலி இல்லாத 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், 40 வயதுக்காரர்களில் 50 சதவீதம் பேருக்கும் இதே டிஸ்க் வீக்கம் இருந்தது. உங்கள் வயதில் தெருவில் நடக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு இது இருக்கலாம், அவருக்கு வலியே இல்லாமல். உங்களுக்கு வலி இருப்பது உண்மை. அதற்கு அந்த வீக்கம்தான் முழுக் காரணம் என்று ஸ்கேன் ஒன்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த தவறு ஒன்று இன்னும் மனதில் இருக்கிறது. கரைவலை இழுக்கும் ஒருவருக்கு இடுப்புப் பிடிப்பு. ஆறு வாரம் குனியவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அவர் சொன்னபடியே இருந்தார். திரும்பி வந்தபோது கீழே கிடந்த செருப்பை எடுக்கக்கூடக் குனியத் துணியவில்லை. வலி குறைந்திருந்தது, ஆனால் முதுகில் பலமும் இல்லை, மனதில் தைரியமும் இல்லை. அவரை மறுபடி வலைக்கு அனுப்ப நான்கு மாதம் பிடித்தது.

அதனால் நீங்கள் இன்றே நடக்கத் தொடங்குங்கள், ஒரு நாளைக்கு மூன்று முறை பத்துப் பத்து நிமிடம். பிடிப்பு தளர்ந்ததும், கம்பியைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்கால் உயரத்துக்குக் கட்டை வைத்து அங்கிருந்து எடுங்கள். வெறும் கம்பியில் தொடங்கி, மேலே சொன்ன மதிப்பெண் கணக்கோடு, வாரங்கள் போகப் போக கட்டையைத் தாழ்த்துங்கள். சிறுநீர் போவதில் தடை, ஆசனவாய், தொடை இடுக்குப் பகுதி மரத்துப்போவது, கால் பலமிழப்பது, இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் அன்றே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

தொண்டி, வயது 22: முழங்கால் ஜவ்வு ஆபரேஷன் முடிந்து நாலு மாதம். வலியே இல்லை. அடுத்த மாதம் ஊர்த் திருவிழாவில் கபடி ஆடலாமா? தம்பிகள் கூப்பிடுகிறார்கள்.

வேண்டாம். வலி இல்லை என்பதை வைத்து ஜவ்வு தயாராகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. 2016-ல் வந்த ஒரு ஆய்வில், ஒன்பது மாதம் வரை விளையாட்டைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது. காலம் மட்டும் போதாது. ஒற்றைக் காலில் தாண்டினால், ஆபரேஷன் செய்த கால், மற்றக் கால் தாண்டும் தூரத்தில் 90 சதவீதமாவது தாண்ட வேண்டும். தையல் டேப்பால் முழங்கால் சில்லுக்கு 15 செ.மீ. மேலே இரண்டு தொடையையும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அதுவரை கையும் முதுகும் முழுப் பயிற்சி செய்யலாம். நல்ல காலுக்கும் கனமாகச் செய்யுங்கள். ஒரு பக்கத்துக்குப் பயிற்சி கொடுத்தால் மறுபக்கத்துக்கும் கொஞ்சம் பலம் போய்ச் சேரும் என்பது 1894-லேயே எழுதப்பட்ட விஷயம். அறுவைசிகிச்சை செய்த காலை உங்கள் மருத்துவர் அனுமதித்த அளவில் ஏற்றிக்கொண்டே வாருங்கள். தம்பிகளுக்கு ஸ்கோர் எழுதிக் கொடுங்கள் இந்த வருஷம்.

ராமநாதபுரம், வயது 33: ஜிம்முக்குப் போகும் முன் ஒரு வலி மாத்திரை போட்டால் நன்றாகச் செய்ய முடிகிறது. தினமும் போடலாமா?

கூடாது. மாத்திரை போட்டுவிட்டால் மேலே சொன்ன மதிப்பெண் கணக்கே பொய்யாகிவிடும். நம் ஊர் வெயிலில் வியர்த்துத் தண்ணீர் வற்றிய உடம்பில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் புண்ணாக்கும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் ஆபத்து இன்னும் கூடுதல். மாத்திரை இல்லாமல் செய்ய முடியாத எடை இன்றைக்கு உங்களுக்கு அதிகமான எடை.

ராமேஸ்வரம், வயது 19: கணுக்கால் சுளுக்குக்கு ஐஸா, ஒத்தடமா?

முதல் இரண்டு மூன்று நாள் வலி தாங்கவில்லை என்றால் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம் வைக்கலாம், வலி மரத்துப்போகும். குணமாவதை அது வேகப்படுத்தும் என்று நம்ப வேண்டாம். 1978-ல் ஐஸ், ஓய்வு என்ற முறைக்குப் பெயர் வைத்த மருத்துவரே பிற்காலத்தில் அதை மாற்றிச் சொன்னார். புது வீக்கத்தில் எண்ணெய் போட்டு உருவிச் சுளுக்கு எடுக்கக் கொடுக்காதீர்கள். நான்கு எட்டு ஊன்றி நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுங்கள்.

பாம்பன் சின்னப்பாலம், வயது 38: மாதத்தில் 12 நாள் கடல்பாசி எடுக்கப் போவேன். கரையேறும்போது முழங்கால் குத்துகிறது. மகள் செல்போனில் காட்டி உட்கார்ந்து எழும் பயிற்சி செய்யச் சொல்கிறாள். மூட்டு இன்னும் தேயாதா?

உங்கள் மகள் சொல்வது சரி. அளவாக ஏற்றிச் செய்தால் பயிற்சி மூட்டைத் தேய்க்காது. தொடைத் தசை பலமாக இருந்தால் முழங்காலின் சுமையைப் பங்குபோட்டுக்கொள்ளும்.

நீங்கள் செய்யும் வேலையை நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். விரல்களில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் பாசி பறிப்பீர்கள். தண்ணீருக்குள் உடம்பு மிதக்கிறது, முழங்காலுக்கு அவ்வளவு பாரமில்லை. ஈரச் சாக்கோடு வழுக்குப் பாறையில் கரையேறும் கடைசி இருபது அடியில்தான் முழு எடையும் ஒரேயடியாக முழங்காலில் இறங்குகிறது. பல மணி நேரம் நீந்திக் களைத்த கால் அது. குத்துவது அங்கேதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பாசி இல்லாத 18 நாளில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள். உயரமான ஸ்டூலில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது, 8 முறை, 3 தடவை. இறங்கும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். அது குத்தினால் சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கொஞ்சமாக மடக்கி 45 வினாடி நில்லுங்கள், ஐந்து தடவை. குத்தல் அடங்கியதும் தாழ்ந்த ஸ்டூல், அப்புறம் மார்போடு அணைத்த இரண்டு கிலோ அரிசிப் பை, அப்புறம் ஐந்து கிலோ. பாசிக்குப் போகும் 12 நாளில் இது எதுவும் வேண்டாம், வேலையே பயிற்சிதான்.

அந்த நாட்களில் சாக்கை நிறையக் கட்டி ஒரே நடையில் ஏற்றாமல் பாதிப் பாதியாக இரண்டு நடையில் ஏற்றுங்கள். முழங்கால் வீங்கி, சூடாக இருந்தாலோ, நடக்கும்போது மாட்டிக்கொண்டு நீட்ட வராமல் போனாலோ மட்டும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் மாதம் முடிந்ததும், எந்த உயரத்து ஸ்டூல் வரை வந்தீர்கள் என்று மகளை எழுதச் சொல்லுங்கள். அடுத்து எதைக் கூட்டலாம் என்று பார்க்கலாம்.